உதவி நின்ற மாதத்தில் ஒரு கருவூலம்

ஏழை நாட்டு அரசுக்கு வெளிநாட்டு உதவி இரண்டு வழிகளில் வருகிறது. பட்ஜெட் உதவி நேராக நிதியமைச்சகத்தின் கணக்கில் சேரும். ஆசிரியர் சம்பளமோ மருந்தோ, எதற்கும் அரசு அதைச் செலவிடலாம். திட்ட உதவியில் கொடையாளரே மருத்துவமனையைக் கட்டித் தருவார். கட்டி முடித்தபின் செவிலியர் சம்பளமும் மின்கட்டணமும் ஆண்டுதோறும் அரசின் தலையில்தான் விழும்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி இரண்டையும் நம்பியிருந்த நாடு. 2010-களின் தொடக்கத்தில் அதன் பட்ஜெட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொடையாளர் பணம். ஏற்றுமதி என்றால் பெரும்பாலும் புகையிலை. அதனால் உதவியாக வந்த டாலர்தான் எரிபொருளும் உரமும் இறக்குமதி செய்வதற்கான அந்நியச் செலாவணியாகவும் இருந்தது.

2011-இல் அதிபர் பிங்கு வா முத்தாரிக்காவின் அரசு, அவரைக் குறைகூறிய பிரிட்டிஷ் தூதரை வெளியேற்றியது. அதே ஆண்டில் பிரிட்டன் பட்ஜெட் உதவியை நிறுத்தியது. வேறு சிலரும் கையை இழுத்துக்கொண்டார்கள். சொந்த வருவாயிலேயே சமாளிக்கிறோம் என்று அரசு வரிகளைக் கூட்டியது. ஆனால் வரியாக வருவது உள்நாட்டு நாணயமான குவாச்சா. பெட்ரோலுக்குத் தேவை டாலர். பெட்ரோல் நிலையங்களில் வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. 2012 ஏப்ரலில் முத்தாரிக்கா இறந்தபின் பதவியேற்ற ஜாய்ஸ் பண்டா, மே மாதம் குவாச்சாவின் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். உதவி திரும்பியது, விலைவாசியும் ஏறியது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2013-இல் ‘கேஷ்கேட்’ ஊழல் வெடித்தது. கொடுக்காத பொருளுக்கும் செய்யாத வேலைக்கும் கருவூலத்திலிருந்து பணம் போயிருந்தது. ஆறு மாதங்களில் 1,300 கோடி குவாச்சாவுக்கும் மேல் களவு போனதாகத் தணிக்கை காட்டியது. கொடையாளர்கள் மறுபடியும் பட்ஜெட் உதவியை நிறுத்தினார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் திருடியவர் வேறு, மருந்துக்குக் காத்திருந்தவர் வேறு.

உதவி நின்றாலும் அரசு ஊழியர் சம்பளத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட முடியாது. அரசு உள்நாட்டு வங்கிகளில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கியது. அந்த வட்டி அடுத்தடுத்த பட்ஜெட்டுகளில் முதல் செலவாக வந்து உட்கார்ந்தது. பிறகு வந்த உதவியில் பெரும்பங்கு தொண்டு நிறுவனங்கள் வழியாகக் கருவூலத்தைச் சுற்றிப் போனது. களவு போகும் அபாயம் குறைந்திருக்கலாம். ஆனால் அரசின் கணக்கில் வராத பணத்தை நாடாளுமன்றம் கேள்வி கேட்க முடியாது. நிதியமைச்சகம் அதை வைத்து அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடவும் முடியாது.

உதவி வந்தால் அரசுகள் வரி வசூலிப்பதில் சோம்பிவிடும் என்ற வாதம் பழையது. ஆய்வு முடிவுகள் அதில் ஒன்றுபடவில்லை. மலாவியைப் படுத்தியது உதவியின் அளவைவிட அதன் நிச்சயமின்மைதான். சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதிசெய்து, சொன்ன மாதத்தில் வந்து சேரும் சிறு தொகை, நடுவில் நின்றுபோகும் பெருந்தொகையைவிட அந்நாட்டுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.