மண் ஈரத்தை சென்சார் சரியாகத்தான் சொல்கிறதா? நொய்யல் கரையில் கூடுதல் கவனம் ஏன்?

செல்போன் ஆப்பில் ‘ஈரப்பதம் 32%’ என்று காட்டுகிறது. ‘அப்போ இன்னைக்கு மோட்டார் போட வேண்டாம்’ என்று முடிவெடுத்தாச்சு. ஆனால், தோட்டத்தில் பயிர் வாடி நிற்கிறது. சென்சார் பழுதா? பெரும்பாலும் இல்லை. அந்த மண்ணுக்கு ஏற்ப அது ‘காலிபிரேஷன்’, அதாவது அளவுத் திருத்தம் செய்யப்படவில்லை என்பதே பல நேரங்களில் காரணம். திருப்பூர் மண்ணரை போல நொய்யலை ஒட்டிய பகுதிகளில் உப்பு என்ற இன்னொரு சிக்கலையும் பார்க்க வேண்டும்.

சென்சார் எதை அளக்கிறது?

சென்சார் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. மண்ணின் மின் தன்மையை அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுகிறது. மின்காப்பு மாறிலி என்ற அளவு காற்றுக்கு 1, காய்ந்த மண்ணுக்குச் சுமார் 3 முதல் 5, தண்ணீருக்குச் சுமார் 80. மண்ணில் தண்ணீர் கூடக் கூட இந்த அளவும் ஏறும். இதை ஈரப்பதமாக மாற்றும் பிரபலமான சூத்திரத்தை, கனடாவைச் சேர்ந்த டாப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980-ல் வெளியிட்டார்கள். பெட்டியிலிருந்து எடுத்த சென்சாருக்குள் இப்படி ஏதோ ஒரு பொதுவான சூத்திரம்தான் இருக்கும். அது உங்கள் தோட்டத்து மண்ணைப் பார்த்ததே இல்லை.

உப்பு எப்படி ஏமாற்றுகிறது?

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற நிறைய உப்பு தேவை. சாதாரண சுத்திகரிப்பில் அது போகாது. பல ஆண்டுகள் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலும் அதுவே தேங்கியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் முழுதாக மறுசுழற்சி செய்யும் ஆலைகளே இயங்கலாம் என்றானது. ஆனால், மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஏற்கெனவே சேர்ந்த உப்பு சட்டென்று போய்விடாது.

உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான சென்சார்கள் அதையும் ஈரம் என்றே கணக்கில் சேர்த்துவிடும். அதனால் இருப்பதைவிட அதிக ஈரம் காட்டும். இன்னொரு பக்கம், உப்பு மண்ணில் தண்ணீர் இருந்தாலும் வேர் அதை உறிஞ்சத் திணறும். ஆக, ஆப்பில் ‘போதும்’ என்று வரும்போது பயிர் தாகத்தில் இருக்கலாம்.

சரியான அளவு எது?

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். பருத்தி நூலுக்கு 8.5% ஈரம் என்று ஒரு வர்த்தக அளவு உண்டு: 100 கிலோ உலர்ந்த பருத்திக்கு 8.5 கிலோ தண்ணீர். மண்ணுக்கும் இதே முறைதான். மண்ணை எடை போட்டு, ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மீண்டும் எடை போட வேண்டும். 125 கிராம் மண் 100 கிராமாகக் குறைந்தால் ஈரம் 25%.

இங்கே ஒரு குழப்பம் வரும். இது எடைக் கணக்கு. பெரும்பாலான சென்சார்கள் காட்டுவது கன அளவுக் கணக்கு. ஒரு கன சென்டிமீட்டரில் 1.3 கிராம் உலர் மண் இருந்தால், 25-ஐ 1.3-ஆல் பெருக்க வேண்டும். விடை 32.5%. இரண்டும் ஒரே மண்தான்!

காலிபிரேஷன் செய்வது எப்படி?

1. சென்சார் வைக்கப்போகும் இடத்தில், வேர் ஆழத்தில் மண் எடுத்து, கல் நீக்கி உலர்த்துங்கள்.

2. அளவு தெரிந்த வாளியில், தோட்டத்தில் இருக்கும் அதே இறுக்கத்தில் நிரப்புங்கள். சென்சாரை இடைவெளி இல்லாமல் முழுதாகச் செருகி, அளவைக் குறியுங்கள்.

3. கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கலந்து, மறுபடி நிரப்பி அளவெடுங்கள். நான்கைந்து முறை செய்யுங்கள். கேன் தண்ணீர் வேண்டாம். பாசனத்துக்கு விடும் அதே போர்வெல் தண்ணீர்தான் வேண்டும். அப்போதுதான் உப்பின் பாதிப்பும் கணக்கில் வரும்.

4. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண் எடுத்து, ஓவன் முறையில் உண்மையான ஈரத்தைக் கண்டுபிடியுங்கள்.

5. இரண்டையும் வரைபடமாக்கினால் கிடைக்கும் கோடுதான் உங்கள் மண்ணுக்கான சூத்திரம். பல சென்சார்களில் இதை உள்ளிட வசதி உண்டு.

நல்ல மழைக்குப் பிறகு உப்பு கரைந்து கீழே இறங்கும். கோடையில் மேலே ஏறும். அதனால் பருவத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எண்ணா, நிறமா?

கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி, எண்ணுக்குப் பதில் நிறம் காட்டும். நீலமும் பச்சையும் என்றால் ஈரம் இருக்கிறது. ஆரஞ்சு என்றால் தண்ணீர் விடலாம். சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். ஆனால், எந்த ஈரத்தில் நிறம் மாற வேண்டும் என்பதும் மண்ணைப் பொறுத்ததுதான். 20% ஈரம் மணற்பாங்கான மண்ணில் தாராளம். கனமான களிமண்ணிலோ பயிர் வாடத் தொடங்கும் அளவு.

முதலில் என்ன செய்யலாம்?

சென்சார் வாங்கும் முன் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள 12 அளவுகளில் மின்கடத்துத் திறனும் ஒன்று. அது 1-க்குள் இருந்தால் உப்பைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அதைத் தாண்டினால், காலிபிரேஷன் செய்யாத சென்சாரை நம்பி மோட்டாரை நிறுத்த வேண்டாம். ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பதே அதைவிட நம்பகமானது.