பரேலில் அறிமுகமான வேரும் அசைவற்றுக் கிடந்த முயல்களும்

உங்கள் தகப்பனார் முன்போல் கைகளை வீசி நடப்பதில்லையா? மாஹிம் ரயில் நிலையப் படிகளில் ஒவ்வோர் அடிக்கும் தயங்கி நிற்கிறாரா? வங்கிப் படிவத்தில் அவர் இடும் கையெழுத்து வரவரச் சிறுத்துவருகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கையில் ஒரு கை மட்டும் நடுங்குகிறதா? 'வயதாகிவிட்டது' என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஊரிலோ செய்வினை என்பாரும் உண்டு. இவ்விரண்டும் அல்லாத காரணம் ஒன்று இருக்கக்கூடும். அதைக் கண்டறிந்த வரலாற்றின் ஒரு முனை, மாஹிமுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரேலில் இருக்கிறது.

சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் மனக்கலக்கத்திற்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தனர். பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அதை உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்து முறையாக ஆராய்ந்து, 1949-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். மேனாட்டார் கண் அந்த வேரின்மேல் திரும்பியது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

ரெசர்பின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. கூடவே சிலரைச் சோர்வுற்றவராகவும், உடல் விறைத்து மெதுவாக அசைபவராகவும் ஆக்கியது. ஏன்? இக்கேள்விதான் சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சனின் ஆராய்ச்சி வாழ்வையே திசைதிருப்பியது.

நம் மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி சொல்வது பெரும்பாலும் வேதிப்பொருள் மூலமாகவே. ஓரணு அதைச் சிறிதளவு வெளியிடும். அடுத்த அணு அதை ஏற்றுக்கொள்ளும். டோபமின் அத்தகைய பொருள்களுள் ஒன்று. ஆனால் 1950-களின் நடுவில் அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நோரட்ரினலின் என்ற வேறொரு பொருள் உண்டாகும் வழியில் வந்துபோகும் இடைப்பொருள் என்றே எண்ணினர்.

1957-இல் கார்ல்சனும் உடன் உழைத்தோரும் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தனர். அவை காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பிறகு டோபா என்னும் பொருளை ஊசிமூலம் செலுத்தினர். உடல் டோபாவை டோபமினாக மாற்றிக்கொள்ளும். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின! மூளையில் நோரட்ரினலின் திரும்பியிருக்கவில்லை, டோபமின்தான் திரும்பியிருந்தது. ஆயினும் 1960-இல் லண்டனில் கூடிய அறிஞர்கள் பலர் கார்ல்சனை நம்ப மறுத்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2000-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2018-இல், 95-ஆம் வயதில் காலமானார்.

முயலில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா? 1960-இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளைகளைச் சோதித்தார். அசைவை ஆளும் பகுதியில் டோபமின் மிகவும் குறைந்திருந்தது. 1967-இல் கோட்சியாஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், டோபாவை வாய்வழியே படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தால் பயனுண்டு என்று காட்டினார். இன்று கொடுக்கப்படும் லெவோடோபா மாத்திரை அப்படி வந்ததே.

நமக்கு வியப்பூட்டும் செய்தி இன்னொன்று. அந்த லெவோடோபாவை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர். அது எதற்கு உதவும் என்று அப்போது உலகில் எவரும் அறியார். ஆகவே நாட்டு மருந்துக்கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுத்தால் போதுமே என்று எண்ணிவிடாதீர்கள். பொடிக்குப் பொடி மருந்தின் அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் மிகையாகும்.

மேற்சொன்ன அறிகுறிகள் இருப்பின் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்நோய்க்கு முற்றான குணம் இன்னும் இல்லை. மாத்திரை குறையை நிரப்புகிறது, அழியும் அணுக்களை மீட்பதில்லை. எனினும் நடக்கவும், சட்டைப் பொத்தானைத் தாமே போடவும் பல ஆண்டுகள் துணைசெய்யும். சற்றுத் தேறியதும் அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. வாந்திக்குத் தரப்படும் சில மருந்துகள் டோபமினையே தடுப்பவை. ஆதலால் மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்க வேண்டாம். பருப்பு, மீன், பால் ஆகியவற்றின் புரதம் லெவோடோபா மூளைக்குச் செல்லும் வழியில் போட்டியிடும். ஆகையால் சாப்பாட்டிற்கு அரைமணி நேரம் முன்பே மாத்திரையைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.