ஒன்பது இலக்க ஜாதகம்

1970 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்சாலையில் பிறந்த ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் ஒன்றை இன்று ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் சான்றில் 1970 என்றிருக்கிறது. அதை நம்பி முன்சக்கரங்களுக்கு பிரேக் ஷூ வரவழைக்கிறார். சக்கரத்தைக் கழற்றினால் ஷூ மாட்டவே இடமில்லை. அங்கே டிஸ்க் பிரேக் இருக்கிறது.

தப்பு கடைக்காரருடையது அல்ல. அந்தத் தொழிற்சாலைக்கு ஆண்டு பிறப்பது ஆகஸ்டில். 1970 ஆகஸ்டிலிருந்து வந்தவை எல்லாம் 1971 மாடல். அந்த மாடலில்தான் முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளும் அமர்ந்திருக்கும் வட்டம் 205 மில்லிமீட்டரிலிருந்து 112 ஆகச் சுருங்கியது. ஜூலையில் பிறந்த அண்ணன் வண்டியின் சக்கரம்கூட செப்டம்பரில் பிறந்த தம்பிக்குச் சேராது. சான்றை விட சேஸ் நம்பரை நம்பலாம். அந்தக் காலத்துப் பத்து இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் மாடல் ஆண்டின் கடைசி இலக்கம்.

உதிரி பாகத்துக்கும் இப்படி ஒரு எண் உண்டு. அதை முதன்முதலாகப் பிரித்துப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பழைய பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன: ஊர், அப்பா பெயர், அப்புறம் ஆள் பெயர். ஒன்பது இலக்கம், மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் மூன்று, அந்தப் பாகம் முதலில் எந்த வண்டிக்காக உருவானது என்று சொல்லும். 211 என்றால் இந்த வேன். 111, 113 என்றால் பீட்டில் கார். நடுவிலுள்ள மூன்றில் முதல் இலக்கம் எந்த உறுப்பு என்பதைக் காட்டும்: 1 எஞ்சின், 3 கியர்பாக்ஸ், 6 சக்கரமும் பிரேக்கும், 8 பாடி, 9 மின்சாரம். கடைசி மூன்று அந்தக் குறிப்பிட்ட பாகம். ஜோடியாக வருபவற்றில் ஒற்றைப்படை எண் இடப்பக்கத்துக்கு, இரட்டைப்படை வலப்பக்கத்துக்கு. ஒரு கதவுப் பூட்டைக் கையில் எடுத்ததுமே அது எந்தப் பக்கத்துக் கதவுக்கு உரியது என்று தெரிந்துவிடும்.

வேனின் எஞ்சினைத் துழாவினால் 1 என்று தொடங்கும் எண்கள் நிறைய அகப்படும். பீட்டிலுக்காகப் பிறந்து இங்கே குடிவந்தவை அவை. உலகெங்கும் 2.1 கோடிக்கு மேல் பீட்டில்கள் ஓடின. மெக்சிகோவில் 2003 வரை செய்தார்கள். நடுவில் கம்பி இல்லாத ஒரே முன்கண்ணாடி கொண்ட இந்த வேனின் வழித்தோன்றலை பிரேசிலில் 2013 வரை செய்தார்கள். அதனால்தான் ஐம்பது வயது எஞ்சினுக்கு இன்றும் புது பிஸ்டன் கிடைக்கிறது.

ரப்பரில்தான் கவனம் வேண்டும். பிரிக்காத பழைய பாக்கெட்டில் அசல் பாகம் கிடைத்தால் மனம் துள்ளும். இரும்பு, கண்ணாடி என்றால் தயங்காமல் வாங்கலாம். ரப்பரை வாங்கக் கூடாது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் அந்த இடம் பார்த்துத்தான் வெட்டும். வண்டியில் ஓடினாலும் அலமாரியில் தூங்கினாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் புதிதாக வாங்க வேண்டியது பெட்ரோல் ஹோஸ். ஜெர்மனியில் 2011 முதல் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலும் விற்கிறது. எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ஹோஸ் அதில் உப்பும், பிறகு வெடிக்கும். எஞ்சின் இருப்பது பின்னால். கசிவது ஓட்டுநர் கண்ணில் படாது. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டுகிறது. 1600 சிசி எஞ்சினின் உடலோ மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை வளர்க்கத்தான் உதவும். பெயிண்ட், திரைச்சீலை எல்லாம் காத்திருக்கட்டும். சில மீட்டர் ஹோஸ் காத்திருக்கக் கூடாது.

ஓடுவதற்கு வேண்டியது எளிதாகக் கிடைக்கிறது, குடியிருக்க வேண்டியதுதான் கிடைக்காது. கூரையைத் தூக்கும் கீல், அதைச் சுற்றிய கித்தான், மடிப்பு மேசையின் கால், அலமாரியின் பிளாஸ்டிக் தாழ்ப்பாள் இவையெல்லாம் ஹனோவரில் செய்தவை அல்ல. வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதல் இந்த வேன்களை வீடாக மாற்றிக்கொடுத்தது. இங்கிலாந்தில் டெவன், டார்மொபைல் என்று வேறு கைகள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒவ்வொரு தாழ்ப்பாள், அதுவும் அடிக்கடி மாறியது. ஒடிந்த தாழ்ப்பாளுக்கு அதே கை செய்த இன்னொரு வண்டியைத் தேட வேண்டும். இல்லையென்றால் அளவெடுத்து முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேடும் முன் வண்டிக்குள் ஒரு சிறு தகரத் தகட்டைப் பாருங்கள். சில வரிசை எண்களும் எழுத்துகளும்தான். எந்த நாளில் கட்டினார்கள், எந்த நிறம் அடித்தார்கள், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள், என்னென்ன கூடுதலாகக் கேட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் குறியீடாக இருக்கும். இப்போது பச்சையாக நிற்கும் வண்டி வெள்ளையாகப் பிறந்தது என்று அங்கேதான் தெரியவரும்.