உழைப்பும் உடலும் – 7: தூசியும் ரயிலும்

கோலார் தங்கவயலில் தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இருந்தது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் வேலை தொடங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும் வரை அந்தப் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் கிளம்பிய தூசியில் சிலிக்கா இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அதன் துகள் நுரையீரலின் காற்றறைக்குள் படிந்தால் எளிதில் வெளியேறாது. சுற்றிலும் தழும்பு கட்டும். அதுதான் சிலிக்கோசிஸ். 1947-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தங்கவயலில் பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் இருந்ததாகச் சொன்னது.

நுரையீரல் நோய் என்று பெயர் வாங்கினாலும் முற்றிய சிலிக்கோசிஸ் இதயத்தில் போய் முடிவதுண்டு. தழும்பேறிய நுரையீரலில் ரத்தக் குழாய்கள் நெரிபடும். ஆக்சிஜன் குறையக் குறைய இன்னும் சுருங்கும். அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளவேண்டிய வலது கீழறை ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டித் தடித்து, பிறகு தளரும். கால் வீங்கும், நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும். போதாக்குறைக்கு வெக்கை. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உடலைக் குளிர்விக்கத் தோலும், வேலை செய்யத் தசையும் ஒரே நேரத்தில் ரத்தம் கேட்க, வியர்வையோ இருக்கும் ரத்தத்தின் அளவையே குறைக்கும். ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சுரங்கம் போனபின் பிழைப்பு பெங்களூருக்கு மாறியது. விடியுமுன் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரம். இப்போது பறிபோவது தூக்கம். தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசி கூடும், இரவில் இறங்கவேண்டிய ரத்த அழுத்தம் இறங்காது. வீடு திரும்பி, நேரங்கழித்துச் சாப்பிட்டு அப்படியே படுத்தால் ரத்தத்தில் சர்க்கரை வெகுநேரம் தங்கும். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. ரயிலில் போகும் நேரம் இந்தக் கணக்கில் இல்லை.

சட்டமும் பழைய நோயைத்தான் அறியும். 2025 வரை நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருந்தது. மாரடைப்பு அதில் இல்லை; அதற்கு வேலைதான் காரணம் என்று தொழிலாளியின் குடும்பம் வழக்காடி நிரூபிக்க வேண்டும். ஜப்பானில் நிலைமை வேறு. தங்கவயல் மூடிய அதே 2001-இல் அந்நாட்டு அரசு ஓர் அளவுகோல் வகுத்தது: மாரடைப்புக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஏறத்தாழ 100 மணி நேரம் கூடுதல் வேலை பார்த்திருந்தால், நோய்க்கும் வேலைக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகக் கொள்ளலாம்.

நாளொன்றுக்கு 4 மணி நேரம், மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால், தங்கவயல்காரர் ரயிலில் கழிப்பது 104 மணி நேரம். இந்தியச் சட்டம் அதை வேலை நேரமாக எண்ணுவதில்லை.