காற்றில் வந்த கீதம்

சினிமாப் பாட்டென்றால் முகஞ்சுளிக்கும் சங்கீத வித்வான்கள் இன்றும் சிலர் உளர். அவர்களுடைய வெறுப்பில் பெரும்பகுதி நியாயமானதே என்று நாம் ஒப்புவோம். ஆனால் 1945-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மீரா' படத்தில் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' என்னும் பாடலையும் அக்கூட்டத்தில் தள்ளுவோமாயின், இழப்பு நம்முடையதேயாகும்.

பாட்டை இயற்றியவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி, இசையமைத்தவர் எஸ். வி. வெங்கட்ராமன், படத்தை இயக்கியவரோ எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். ராஜபுத்திர அரசியின் கதை, அமெரிக்கரின் காமிரா, மதுரையில் பிறந்த குரல்! இத்தனையும் கூடியும் பாட்டு ஒட்டுப்போட்ட துணியாகாமல் முழுத் தமிழாக நிற்பது எவ்வாறு?

பக்தியின் விரகத்தைத் தமிழ் மீராவிடம் கடன் வாங்கவில்லை. அவள் பதினாறாம் நூற்றாண்டினள். அவளுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆண்டாள் கண்ணனை மணாளனாக வரித்து ஏங்கியிருக்கிறாள். நம்மாழ்வார் தாமே பெண்ணாகி, மாலைப்பொழுதின் துயரைப் பாடியிருக்கிறார். பெரியாழ்வாரோ கண்ணன் குழலோசைக்கென்றே ஒரு பதிகம் செய்து, மானும் பறவையும் மரமும் அதில் மயங்கி நின்ற நிலையை வரைந்திருக்கிறார். கல்கியின் பாட்டிலும் பட்ட மரம் தளிர்க்கின்றது. காட்டு விலங்கு மயங்குகின்றது. வானத்து மீன்கள் நகரத் தயங்குகின்றன. வடநாட்டு மீராவை அவர் ஆழ்வார்களின் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார் என்று நமக்குத் தோன்றுகின்றது.

எனினும் பாட்டின் உயிர் இவ்வருணனைகளில் இல்லை. கூர்ந்து கேட்கும் அன்பர்கள் ஒன்றைக் காண்பர்: பாட்டு முழுவதிலும் கண்ணன் எதிரே வருவதில்லை. வருவது ஓசைதான், அதையும் காற்றுத்தான் கொண்டு வருகின்றது. நிலவொளியில், ஆற்றங்கரையில் அவன் குழலூதி நின்றது என்றோ நடந்துபோன செய்தியாகவே சொல்லப்படுகின்றது. கேட்கும் செவிக்கு அவன் அண்மையில் இருக்கிறான். தேடும் கண்ணுக்கு இல்லை. ஓசையே வராதிருந்தால் மறந்தேனும் இருக்கலாம்; இதுவோ மறக்கவும் விடாது, அடையவும் விடாது. இன்பத்தையும் நெருப்பையும் கவி ஒன்றாகவே பேசுவதன் காரணம் இதுவே. முடிவிலும் தரிசனம் இல்லை. காலமெல்லாம் இவ்வுள்ளம் உருகியே கழியுமோ என்ற வினாவோடு பாட்டு நின்றுவிடுகின்றது.

அவ்வினாவை எம். எஸ். பாடும் விதம் தனியே கூறத்தக்கது. கச்சேரி மேடையில் ஸ்வரக் கோவைகளை மழையாகப் பொழியவல்ல அவ்வம்மையார், இங்கே வித்தை எதையும் காட்டவில்லை. கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம் என்பது ஒரு காரணமாகலாம். முழுக் காரணம் அன்று. சொல் ஒவ்வொன்றும் தெளிந்து விழ, குரல் அதன் பின்னே பணிந்து செல்கின்றது. கமகங்களும் ஏக்கத்தின் நடுக்கத்துக்கு மேல் ஒரு அசைவு அசைவதில்லை.

அக்காலத்தின் ஒரு வழக்கையும் இங்கு நினைத்தல் வேண்டும். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது 1943-இல். உயர்ந்த சங்கீதத்தைத் தமிழ்ச் சொல் தாங்காது என்று மெத்தப் படித்தவர்களே வாதித்த நாட்கள் அவை. தமிழிசைக்காகக் கல்கி எழுதிய கட்டுரைகள் பல. அவற்றுக்கு எதிர்க்கட்டுரைகளும் பல. இப்பாட்டுக்கு எவரும் எதிர்ப்பாட்டு எழுதியதாக நாம் அறியோம்.

எம். எஸ். அம்மையார் 1938-இல் 'சேவாசதனம்' முதலாக நான்கே கதைகளில் நடித்தார். 1947-இல் ஹிந்தியிலும் வெளிவந்த 'மீரா'வோடு திரையை விட்டு விலகினார். கல்கி 1954-இலும், அம்மையார் 2004-இலும் மறைந்தனர். பாட்டுக்கு எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ராகம் எது என்று தர்க்கம் செய்யும் ரஸிகர்கள், அடுத்த முறை அதை ஒத்திவைத்துவிட்டு, அந்தக் கடைசி வினாவை மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பார்களாக.