கைப்பட்டையைக் கழற்றாதீர்கள்



ஊரிலிருந்து வந்த உங்கள் தகப்பனாரைக் கொல்கத்தாவில் ஈ.எம். பைபாஸ் சாலையிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வங்காளம் தெரியாது. மருந்துடன் வரும் செவிலியர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் மரியாதைக்காகத் தலையசைப்பார். அதை நம்பி, பக்கத்துப் படுக்கைக்காரருக்குரிய ஊசியை அவருக்குப் போட்டுவிட்டால் என்னவாகும்?

இந்த ஆபத்தைத் தடுக்கவே நோயாளியின் மணிக்கட்டில் பெயரும் பதிவு எண்ணும் எழுதிய பட்டை கட்டப்படுகிறது. படுக்கை எண் இதற்கு உதவாது. படுக்கை மாறும், பதிவு எண் மாறாது.

இந்தப் பட்டையோடு பார்கோடு சேர்ந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் டொபீகா நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் சூ கின்னிக். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற அவர், ஊழியர் ஒரு கைக்கருவியால் காரின் பார்கோடை வாசிப்பதைக் கண்டார். காருக்குக் கூடுமானால் மருந்துக்கும் கூடுமே என்று எண்ணினார். 1990-களில் அந்த எண்ணம் செயல்வடிவம் பெற்றது.

செவிலியர் முதலில் கைப்பட்டையையும், பின்பு மருந்தின் உறையையும் கருவியால் வாசிக்கிறார். ஆள், மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றில் ஒன்றேனும் மருத்துவரின் உத்தரவோடு பொருந்தாவிடில் திரையில் எச்சரிக்கை தோன்றும். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வின்படி, நேரப் பிழைகள் நீங்கலாக, மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் 41 சதவீதம் குறைந்தன.

ஆனாலும் கருவியே போதும் என்றிராதிருங்கள். பட்டை கசங்கினாலோ, வேலை மிகுந்தாலோ, வேறிடத்தில் ஒட்டிவைத்த நகலை வாசித்துவிட்டு மருந்து கொடுப்பதும் உண்டு என்று 2008-ல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. நகலை வாசிக்கும்போது கருவி நோயாளியைக் காண்பதில்லை.

நம் நாட்டில் 2023 ஆகஸ்டு 1 முதல் 300 மருந்துகளின் உறையில் பார்கோடு அல்லது கியூ.ஆர். கோடு கட்டாயமாக்கப்பட்டது. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றை அதில் அறியலாம். எனினும், வாசிக்கும் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. அங்கே செவிலியரின் கேள்வியும் நோயாளியின் பதிலுமே பாதுகாப்பு.

ஆகையால் உங்கள் பெரியவருக்கு ஒரே ஒரு வங்காள வாக்கியத்தைக் கற்றுக்கொடுங்கள்: "ஆப்னார் நாம் கீ?" உங்கள் பெயர் என்ன என்பது அதன் பொருள். அதைக் கேட்டதும் தலையசைக்காமல், முழுப்பெயரைச் சொல்லி, மணிக்கட்டை நீட்டட்டும்.