பாறுகளின் அழிவும் நமது கடமையும்

பிணந்தின்னிக் கழுகு என்றால் முகஞ்சுளிப்பது நம்மவர் வழக்கம். ஆயினும் ஊர்ப்புறத்தில் செத்துக் கிடக்கும் மாட்டைச் சில நாழிகைக்குள் எலும்பு மாத்திரம் மிஞ்சும்படி தின்று தீர்த்து, கூலியொன்றும் கேளாமல் ஜனங்களின் சுகாதாரத்தைக் காத்துவந்த ஊழியன் பாறு என்னும் அப்பறவையேயாகும். அந்த ஊழியன் இன்று எங்கே?

1992-க்கும் 2007-க்கும் இடையே நமது தேசத்தில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் கணக்காய்க் குறைந்துபோயின. கருங்கழுத்துப் பாறுகளில் நூற்றுக்கு மூன்றே மிஞ்சின. இவற்றை எந்த வேட்டைக்காரனும் சுட்டு வீழ்த்தவில்லை. 2004-ல் லிண்ட்ஸே ஓக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் பாகிஸ்தானில் செய்த ஆராய்ச்சியால் உண்மை வெளியாயிற்று. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்படும் டைக்ளோபினாக் என்னும் மருந்தே கொலைகாரன். மருந்து ஏற்றிய மாடு சில நாட்களுக்குள் இறந்தால் அதன் மாமிசத்தில் மருந்து தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டு மாள்கிறது. ஓர் உடலைப் பல பாறுகள் கூடித் தின்பதால், செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்நஞ்சு இருந்தாலும் இனம் முழுதும் சரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இந்த நஷ்டத்தை எவ்வாறு ஈடுசெய்யும்?

நஷ்டம் பறவைக்கு மாத்திரமன்று. பாறுகள் மறைந்ததும் பிணங்கள் அழுகிக் கிடந்தன, அவற்றைத் தின்று நாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. இதன் பயனாக 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் மனிதர் அதிகமாய் மடிந்தனர் என்று பொருளாதார ஆராய்ச்சியாளர் இருவர் 2024-ல் கணக்கிட்டு வெளியிட்டனர்.

சர்க்கார் வாளாவிருக்கவில்லை. 2006-ல் மாட்டு வைத்தியத்துக்கு டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கென விற்ற பெரிய புட்டிகள் தொழுவத்துக்குப் போவதைக் கண்டு, 2015-ல் ஊசிமருந்துப் புட்டி 3 மில்லிக்கு மிகலாகாதென்று விதித்தனர். 2023-ல் கீடோபுரோபென், அசிக்ளோபினாக் என்னும் மருந்துகளையும் விலக்கினர். ஆனால் மருந்து கடைக்கு வந்து பறவைகள் மடிந்த பின்னரே தடை வருவது என்ன நியாயம்? பாறுகளுக்குத் தீங்கற்றதென்று சோதித்த பின்னரன்றோ அனுமதி தரவேண்டும்!

திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து அமுதுண்டு சென்ற பறவைகளும் பாறினத்தைச் சேர்ந்தவையே. அவை இப்போது வருவதில்லை. தமிழ்நாட்டில் நீலகிரியின் அடிவாரத்திலுள்ள மோயாற்றுப் பள்ளத்தாக்கே பாறுகளுக்கு முக்கியப் புகலிடமாய் எஞ்சியுள்ளது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. சுதந்திர நாட்டில் சட்டத்துக்குக் காவலர் பிரஜைகளே. மெலாக்ஸிகாம் என்னும் மருந்து மாட்டின் வலியையும் தீர்க்கும். பாறுக்கும் தீங்கு செய்யாது. ஆகவே கிராமங்களில் பொதுவேலை செய்வோர் மாடு வளர்ப்போரிடம் இதை எடுத்துரைக்க வேண்டும். ஊசி போடும் வைத்தியரிடம் மருந்தின் பெயரைக் கேட்க வேண்டும். விலக்கிய மருந்தை விற்கும் கடையை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். இச்சிறு காரியங்களைச் செய்யத் தவறினால், எஞ்சியுள்ள பாறுகளும் நம் கண்ணெதிரே மறைந்துபோம். அப்பழி சர்க்காரை மாத்திரம் சேராது, நம்மையும் சேரும்.